சினமும் மூளையின் அலைகளும்

'ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு' என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. நம் முன்னோர் சினத்தைச் சிறு குற்றமாகக் கருதவில்லை. வள்ளுவப் பெருந்தகை அடக்கமுடைமை, பொறையுடைமை, வெகுளாமை என அறத்துப்பாலில் மூன்று தனி அதிகாரங்கள் வகுத்துள்ளமையே அதற்குச் சான்றாகும். ஆயின், சினங்கொண்ட மாத்திரத்தே கை ஓங்குபவன் ஏன் அவ்வாறு ஓங்குகின்றான்? அவனும் அடுத்த கணத்தில் வருந்துகின்றானே. அவ்வருத்தம் ஒரு கணம் முந்தி வரலாகாதா? இவ்வினாவுக்கு விடை காணும் பொருட்டு, அறிஞர் சிலர் மனிதனுடைய மண்டையோட்டின் மேல் மின்கம்பிகளைப் பொருத்தி, மூளையில் எழும் அலைகளை அளந்து வருகின்றனர். அவ்வாராய்ச்சியின் சுருக்கத்தை இப் பொன்விழா மலரில் எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

பயிற்சிக் கலாசாலையில் பயின்று, இலக்கணமும் இலக்கியமும் கற்பித்து வரும் தமிழாசிரியராகிய எமக்கு மூளையைப் பற்றி எழுத யாது தகுதி என்று வினவுவோரும் உளர். வினா தக்கதே. விடையாக ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம்.

ஒரு காலை நிகழ்ச்சி

பல்லாண்டுகளுக்கு முன், மார்கழி மாதத்து ஒரு காலை. மலைகளை மூடிய பனிமூட்டம் வகுப்பறைச் சன்னல்வரை வந்து நின்றது. மேற்பிரிவுத் தோட்டமொன்றின் லயத்திலிருந்து மூன்று மைல் நடந்து வரும் மாணவன் ஒருவன், வழக்கம்போல் காலந்தாழ்த்தி வந்து அமர்ந்தான். அருகிலிருந்தவன் விளையாட்டாக அவனது கொப்பியை ஒளித்து வைத்தான். அவ்வளவே. இவன் கையிலிருந்த இரும்பு அடிமட்டம் உயர்ந்தது. மற்றவன் நெற்றியில் குருதி வழிந்தது. யாம் யாதொன்றும் கேட்டிலேம். மேசைமேற் கிடந்த பிரம்பை எடுத்து இருமுறை வீசினோம். 'முரடன்' என்று நாற்பது மாணவர் கேட்கப் பெயருஞ் சூட்டினோம்.

மறுநாள் அவன் தாய் கொழுந்துக் கூடையைக் கீழே வைத்துவிட்டு எம்முன் நின்றாள். மகனுக்காக அவள் பரிந்து பேசவில்லை. "ராத்திரியும் ஒன்னும் இல்லீங்க ஐயா. காலையில வெறுந் தேத்தண்ணிதான் குடிச்சிட்டு வந்தான்" என்று மட்டும் கூறினாள். மூன்றாம் மாதத்தில் அவன் பள்ளியைவிட்டு நீங்கிக் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தான் என்று அறிந்தோம்.

ஒரு காலைப் பசிதான் அவ்வடிக்குக் காரணம் என்று துணிந்து கூற மாட்டோம். ஆயினும் அவனது கை உயர்ந்ததற்கும் எமது பிரம்பு உயர்ந்ததற்கும் இடையே யாது வேறுபாடு என்னும் வினா எம்மை விட்டு அகலவில்லை. அவனாவது சிறுவன். அவ்வினாவே எம்மை இத்துறை நூல்களை நாடச் செய்தது.

மூளை அலை என்பது யாது?

மூளையில் மின்னோட்டம் உண்டு என்பதை 1875 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரைச் சேர்ந்த றிச்சார்ட் கேற்றன் என்னும் மருத்துவர் முயல், குரங்கு ஆகியவற்றின் மூளைகளிற் கண்டு வெளியிட்டார். மனித மூளையின் அலைகளை முதன்முதற் பதிவு செய்தவர் ஜேர்மனியின் யேனா நகரில் மனநோய் மருத்துவராயிருந்த ஹான்ஸ் பேர்கர் ஆவார். அவர் 1924 இற் பெற்ற பதிவை, மெய்தானா என்று ஐயுற்று மீட்டும் மீட்டும் சோதித்து, 1929 இலேயே உலகுக்கு அறிவித்தார். அப்போதும் நம்பினோர் சிலரே. 1934 இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன், மத்தியூஸ் என்னும் இருவர் அதனை மெய்ப்பித்த பின்னரே உலகம் ஏற்றுக்கொண்டது.

இம்மின்னலைகள் மிக நுண்ணியவை. கைவிளக்கில் இடும் மின்கலம் ஒன்றின் வலிமை ஒன்றரை வோற்று. தலைத்தோலின்மேற் கிடைக்கும் மூளையலையின் அளவோ பெரும்பாலும் ஒரு வோற்றின் பத்து இலட்சத்தில் ஐம்பது பங்கு போல்வது. அஃதாவது அம்மின்கலத்தின் முப்பதினாயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே அதனைப் பன்மடங்கு பெருக்கியே வரைதல் வேண்டும். தலையிற் பசை தடவி, இருபது வரையிலான சிறு உலோகத் தட்டுகளைப் பொருத்தி இதனை வரைவர். நோவு சிறிதும் இல்லை. வலிப்பு நோயை அறிதற்கு மருத்துவமனைகளில் இம்முறையே இன்றும் பயன்படுகின்றது.

அலைகள் ஒரு நொடியில் எத்தனை முறை எழுந்து விழுகின்றன என்பதைக் கொண்டு அவற்றைப் பகுப்பர். நான்குக்குக் குறைந்தவை டெல்ற்றா. ஆழ்ந்த உறக்கத்தில் மிகுந்து தோன்றுவன. நான்கு முதல் எட்டு வரையின தீற்றா. அரைத்தூக்கத்திலும் சிறு பிள்ளைகளிடத்தும் மிகுதி. எட்டு முதல் பதின்மூன்று வரையின அல்பா; கண்மூடி அமைதியாய் இருப்போர் பிடரிப் பக்கத்தில் எழுந்து, கண் திறந்தவுடன் அடங்குவன. அவற்றினும் விரைந்தவை பீற்றா, விழிப்பு நிலைக்குரியன. குழந்தை வளருந்தோறும் மெல்லலைகள் குறைந்து விரைவலைகள் மிகும்.

நம் நாட்டு உவமை ஒன்று கூறுவோம். இரவில் வீதியோரம் நின்று தேயிலைத் தொழிற்சாலையின் ஓசையைக் கேட்பவன், இயந்திரங்கள் ஓடுகின்றனவா, ஓய்ந்தனவா, விரைந்து சுழல்கின்றனவா, மெல்லச் சுழல்கின்றனவா என்று சொல்லிவிடுவான். ஆயின் உள்ளே அரைபடுவது எம்மலைக் கொழுந்து என்று அவனால் சொல்ல இயலாது. மூளையலையும் அத்தகையதே. மூளையின் விழிப்பு எந்நிலையில் உளது என்பதை அஃது உணர்த்தும். உள்ளத்து எண்ணம் இன்னது என்று உணர்த்தாது. இவ்வரம்பை வாசகர் மனத்திற் கொள்ள வேண்டுகின்றோம்.

இருவகைச் சினம்

பிறரைத் தாக்குதல் என்பது ஒரே வகையினது அன்று. நாள் பார்த்து, இடம் பார்த்து, திட்டமிட்டுச் செய்வது ஒன்று. ஒரு சொல்லைக் கேட்டவுடன் பொங்கியெழுந்து, பின் விளைவை எண்ணாது செய்வது மற்றொன்று. பின்னதையே ஆத்திரம் என்கின்றோம். இவ்விரண்டும் மூளையலையில் வேறுபடுகின்றனவா என்பதை அமெரிக்காவின் ரெக்சஸ் மாநிலத்தில் ஏணஸ்ற் பரற் என்னும் உளநூலறிஞரும் அவர் குழுவினரும் சிறைக் கைதிகளிடையே ஆராய்ந்து 1997 இல் வெளியிட்டனர்.

அவர்கள் அளந்தது 'பி-300' எனப்படும் ஓர் அலை. ஒரே வகையான ஒலி தொடர்ந்து கேட்கும்போது இடையே அரிதாக வேறோர் ஒலி எழுமாயின், மூளை அதனை 'இது புதிது' என்று கவனிக்கின்றது. அக்கவனிப்பின் அடையாளமாக, ஒலி எழுந்த பின் ஏறத்தாழ ஒரு நொடியின் ஆயிரத்தில் முந்நூறு பங்கு கழிந்தவுடன், அஃதாவது மூன்றிலொரு நொடிக்கும் சற்றுக் குறைந்த காலத்தில், ஓர் அலை மேலெழும். இதனை 1965 இல் சாமுவேல் சற்றனும் அவர் குழுவினரும் கண்டறிந்தனர். ஆத்திரத்தால் தாக்கும் கைதிகளிடத்து இவ்வலை தாழ்ந்திருந்தது. மேலும், வலிப்பு நோய்க்குக் கொடுக்கப்படும் பெனிற்றோயின் என்னும் மருந்தை அளித்தபோது ஆத்திரத் தாக்குதல் குறைந்தது. பி-300 அலையும் உயர்ந்தது. திட்டமிட்ட தாக்குதலோ அம்மருந்தாற் குறையவில்லை.

இதனால் அறியக்கிடப்பது யாது? ஆத்திரக்காரனுடைய மூளை, நிகழ்வதை நிறுத்துப் பார்க்கும் வேலைக்குக் குறைந்த கவனத்தையே ஒதுக்குகின்றது போலும் என்பதே ஆராய்ச்சியாளர் கொள்ளும் கருத்து. நம் பழமொழியின் 'புத்தி மட்டு' என்பதற்கு இஃது ஓர் உரை எனலாம். எனினும் புத்தி இல்லை என்பது அன்று. அக்கணத்தில் வந்து உதவவில்லை என்பதே பொருள். நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதியே உந்துதலை அடக்கும் கடிவாளம். அது முழுமையாக முதிர்வதற்கு இருபது வயதுக்கு மேலும் சில ஆண்டுகள் செல்கின்றன. பதின்மூன்று வயதுச் சிறுவனிடம் முதியோனுடைய பொறுமையை எதிர்பார்த்தல், நாற்றுமேடைக் கன்றிற் கொழுந்து கொய்ய முற்படுவதை ஒக்கும்.

மொரீசியஸ் தீவில் ஓர் ஆய்வு

நம் மலைநாட்டாருக்கு மிக நெருங்கிய சான்று இந்து சமுத்திரத்தின் தென்மேற்கில் உள்ள மொரீசியஸ் தீவிலிருந்து கிடைக்கின்றது. நம் மூதாதையர் கோப்பிக்கும் தேயிலைக்கும் இங்கு வந்தமை போலவே, 1834 ஆம் ஆண்டு முதல் ஒப்பந்தக் கூலிகளாக இந்திய மக்கள் அத்தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவருள் தமிழரும் பலர். அந்நாட்டு நாணயத் தாள்களில் இன்றும் தமிழெழுத்து உண்டு. தைப்பூசக் காவடி அங்கே அரசாங்க விடுமுறை நாள்.

அத்தீவில் வக்குவா, காத்தர் போர்ன் என்னும் இரு நகர்ப் பகுதிகளைச் சேர்ந்த மூன்று வயதுக் குழந்தைகள் 1,795 பேரை, 1972 முதல் பீற்றர் வெனபிள்ஸ், சார்ணொவ் மெட்னிக், சிறில் டலே ஆகியோரின் குழு சோதித்து, அவர்கள் வளர்ந்து பெரியோராகும் வரை தொடர்ந்து நோக்கியது. பின்னாளில் ஏட்ரியன் ரெயின் என்பவரும் இக்குழுவிற் சேர்ந்தார்.

அக்குழந்தைகளுள் நூறு பேர் தனியான பாலர் பள்ளிகளில் மூன்று வயது முதல் ஐந்து வயது வரை, ஈராண்டு காலம் வளர்க்கப்பட்டனர். அங்கே அவர்களுக்குக் கிடைத்தவை யாவை? பால், பழச்சாறு, மீனோ இறைச்சியோ சேர்ந்த சூடான உணவு, பச்சைக் காய்கறி. நாள்தோறும் ஓடியாடி விளையாடுதலும் உறக்கமும். ஆசிரியர் ஒருவருக்கு ஐந்தாறு பிள்ளைகள் மட்டும். வழக்கமான பள்ளிகளில் முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியரே இருந்தார். விந்தையான மருந்தோ இயந்திரமோ அங்கில்லை.

அவர்கள் பதினொரு வயதெய்தியபோது மூளையலைகள் அளக்கப்பட்டன. பாலர் பள்ளியிற் பயின்றோரிடத்து, ஏனைய ஒத்த பிள்ளைகளைக் காட்டிலும் மெல்லலைகள் குறைந்திருந்தன. விழிப்பும் கவனமும் மிகுந்திருந்தன. இம்முடிபு 2001 இல் வெளியாயிற்று. பதினேழு வயதில் அவர்களிடத்து ஒழுக்கக்கேடு குறைந்திருந்தது. இருபத்துமூன்று வயதிற் குற்றச் செயல் புரிந்ததாகத் தாமே ஒப்புக்கொண்டோர் தொகையும் மற்றையோரினும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைவு. நீதிமன்றப் பதிவுகளிலும் குறைவு காணப்பட்டது. ஆயின் அவ்வேறுபாடு ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டத்தக்க அளவினதாக இல்லை. 2003 இல் வெளியான இவ்வாய்வின் மற்றொரு முடிபு நம் நெஞ்சிற் பதிக்கத்தக்கது. மூன்று வயதில் ஊட்டக்குறைவின் அறிகுறி காட்டிய குழந்தைகளே இத்திட்டத்தால் மிகுந்த பயன் பெற்றனர்.

மறுதலையாகவும் பார்த்தனர். மூன்று வயதில் வாயோரப் புண், நிறம் மாறி ஐதான மயிர், இரத்தச்சோகை ஆகிய ஊட்டக்குறைவு அறிகுறிகளைக் காட்டிய பிள்ளைகள், எட்டு, பதினொன்று, பதினேழு ஆகிய வயதுகளில் ஏனையோரினும் மிகுதியாக முரட்டுத்தனமும் ஒழுங்கீனமும் காட்டினர் என்பதை ஜியாங்ஹொங் லியூவும் அவருடன் ஆய்ந்தோரும் 2004 இல் வெளியிட்டனர். அறிகுறிகள் பெருகப் பெருக, பிற்காலத் துன்பமும் பெருகியது.

முத்திரை குத்துதல் கூடாது

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை கூறுதல் கடன். மூளையலையைப் பார்த்து, 'இவன் நாளைக் குற்றவாளி' என்று முன்னரே முத்திரை குத்திவிடலாம் என எவரும் எண்ணலாகாது. ரெயின் 1990 இல் வெளியிட்ட ஆய்வில், இங்கிலாந்துப் பள்ளிகளின் பதினைந்து வயதுச் சிறுவர் 101 பேருடைய மூளையலை, இதயத்துடிப்பு, தோலின் மின்மாற்றம் ஆகிய மூன்றையும் அளந்து, இருபத்துநான்கு வயதில் அவர்களுட் குற்றவாளிகளானோர் யாவர் என ஒப்பு நோக்கினர். அவ்வளவுகள் நூற்றுக்கு ஏறத்தாழ எழுபத்தைந்து பேரைச் சரியாகப் பிரித்துக் காட்டின. அறிவியலுக்கு இஃது அரிய வெற்றியே. ஆயின் ஆசிரியராகிய நாம் இதனைத் திருப்பிப் படித்தல் வேண்டும். நூற்றுக்கு இருபத்தைந்து பேர் தவறாகப் பிரிக்கப்பட்டனர் அன்றோ? நாற்பது மாணவர் கொண்ட வகுப்பில் பத்துப் பேரைப் பற்றிய தீர்ப்புப் பிழையாகும். கருவிகள் மூன்று கொண்டு அளந்தோர்க்கே இவ்வளவு பிழையெனின், ஒரு காலையில் ஓர் அடியைக் கண்டு 'முரடன்' என்று பெயர் சூட்டிய எமது தீர்ப்பின் தகுதி யாது?

பிறப்பாற் குற்றவாளி என்னும் கொள்கையின் கொடுமையை நம் குலத்தார் நன்கறிவர். ஆங்கில ஆட்சியினர் 1871 இல் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911 இற் சென்னை மாகாணத்துக்கும் விரிவுற்றது. மதுரைப் பக்கத்து ஊர்களில் வயதுவந்த ஆடவர் கைரேகை பதிந்து, காவல் நிலையத்துக்குக் கட்டுப்பட்டு வாழ நேர்ந்தது. 1920 ஏப்பிரில் 3 ஆம் நாள் பெருங்காமநல்லூரில் அதனை எதிர்த்து நின்ற மக்கள் சுடப்பட்டு மாண்டனர். 1947 இலேயே அச்சட்டம் அம்மாகாணத்தில் நீக்கப்பட்டது. மதுரை, திருச்சி, சேலம், இராமநாதபுரம் ஆகிய பகுதிகளிலிருந்து இம்மலை ஏறி வந்தோரின் வழித்தோன்றல்கள் நாம். கைரேகைக்குப் பதிலாக மூளையலையை வைத்து அதே பிழையை மீட்டும் செய்ய நாம் உடன்படலாகாது. மொரீசியஸ் ஆய்வு நமக்குக் கற்பிப்பது இதற்கு நேர்மாறானது. மூளையின் அலை விதியன்று. உணவாலும் விளையாட்டாலும் அன்பான கற்பித்தலாலும் மாறத்தக்கது.

நம் மலைநாட்டில் செய்யத்தக்கன

2016 ஆம் ஆண்டின் இலங்கைக் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17.3 பேர், தோட்டப்புறத்திலோ 31.7 பேர். நுவரெலியாவிலிருந்து அட்டன் வரையிலான பச்சை மலைகளைப் படம்பிடித்துச் செல்வோர் இக்கணக்கை அறியார். உயரம் அளவுகோலுக்குத் தெரியும். அதே ஊட்டக்குறைவு மூளையின் விழிப்பில் விளைக்கும் குறை கண்ணுக்குத் தெரியாது. வகுப்பறையில் அது சோம்பல் என்றும் முரட்டுத்தனம் என்றும் பெயர் பெறுகின்றது.

தாய்மார் மலைக்குச் செல்லுங்கால் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராக்கள் நம் தோட்டங்களில் நெடுங்காலமாக உள்ளன. இந்நாளில் அவை சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் எனப்படுகின்றன. மொரீசியஸில் அறிஞர் புதிதாக அமைக்க வேண்டியிருந்ததன் அடித்தளம் நம்மிடம் முன்னரே உண்டு என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அங்கே நல்ல உணவும், விளையாட்டும், பயிற்சி பெற்ற ஆசிரியையும் அமையுமாயின் பாதி வேலை முடிந்ததாம்.

மாணவர்காள்! உங்களுக்கு ஒரு சொல். சினம் எழுதல் இழிவன்று. அது எவர்க்கும் எழும். எழுந்த சினத்துக்கும் செயலுக்கும் இடையே ஒரு மூச்சளவு நேரத்தை இடப் பழகுங்கள். காமன் கூத்து ஆடுவோர் தப்பின் அடி விழும்வரை காலை நிறுத்திக் காத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். அக்காத்திருத்தலும் ஒரு கல்வியே.

ஆசிரியத் தோழர்காள்! தண்டிப்பதற்கு முன் ஒரு வினாக் கேளுங்கள்: "காலையில் என்ன சாப்பிட்டாய்?" இதற்குக் கருவி வேண்டுவதில்லை.

பழைய மாணவப் பெரியோரே! பொன்விழாவின் நினைவாகக் கல்லூரி வாயிலில் வளைவொன்று எழுப்பலாம் என்னும் பேச்சு நிகழ்கின்றது. வளைவும் எழட்டும், அதனை மறுப்போமல்லோம். ஆயினும் அதற்கு முன்பு, கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காலையில் ஒரு வேளைச் சூடான உணவு சமைக்கத்தக்க சிறு அடுக்களை ஒன்று எழுமாயின், அவ்வளைவின்கீழ் நிமிர்ந்து நடந்து செல்லும் பிள்ளைகள் பெருகுவர். யாமும் இக்கல்லூரியின் பழைய மாணவரே; லயத்திற் பிறந்தவரே. எமது ஒரு மாதச் சம்பளத்தை அவ்வடுக்களைக்கு முதற் காணிக்கையாக அளிக்க இசைந்துள்ளோம்.

சென்ற ஆண்டு அட்டன் பஸ் நிலையத்தில், கையில் ஒரு சிறுமியைப் பிடித்தவண்ணம் ஒருவர் எம்மை வணங்கி, "சேர், சுகமா இருக்கீங்களா?" என்றார். நெற்றி சுருக்கிப் பார்த்த பின்னரே அடையாளங் கண்டோம். அன்று அடிமட்டம் ஓங்கிய அதே மாணவன். "மகள ஒங்க ஸ்கூல்லதான் சேக்கப் போறேன், சேர்" என்றார். பழைய செய்தியை அவர் எடுக்கவில்லை. யாம் எடுத்து மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, "அதெல்லாம் எப்பவோ போச்சு, சேர்" என்று பஸ்ஸில் ஏறினார்.

அவருக்குப் போயிருக்கலாம். எமக்குப் போகவில்லை. அச்சிறுமி வரும் தை மாதம் நம் கல்லூரி வாயிலில் நுழையும்போது அடுக்களையிற் புகை எழுந்துகொண்டிருத்தல் வேண்டும்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க அதன் பணி!